குரல் கம்மிய மடிக்கணினி

ஒலி பிறக்கும் முறையை ஆராய்ந்து அதற்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்னும் ஓர் இயலையே இதற்கென ஒதுக்கினார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாக வெளிப்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு. இவ்வெட்டு இடங்களுள் ஒன்று பழுதுபட்டாலும் எழுத்து திரியும். பல் விழுந்த குழந்தையின் மழலையிலும், சளி பிடித்தவரின் பேச்சிலும் இவ்வுண்மையை யாவரும் கேட்டிருப்பர்.

மனிதக் குரலை வாங்கி வைத்துத் திருப்பித் தரும் கருவிக்கும் ஒரு மிடறு உண்டு. அதுவும் சில வேளைகளில் அடைத்துக்கொள்ளும். அவ்வாறு அடைத்துக்கொண்டபோது, பழுது கருவியில் இருக்கப் பழி ஒரு சிறுவன்மேல் விழவிருந்த நிகழ்ச்சி, பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நடந்தது.

அப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம், 2015ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், பள்ளிகள் மூடியிருந்த மாதங்களில், வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அதன் வழியாகவே அவர் பாடம் நடத்தினார். ஆண்டுகள் செல்லச் செல்ல விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் தேய்ந்து மறைந்தன. மூடியின் ஓரத்தில் கீறல் விழுந்தது. புதியது வாங்கச் சொல்லாத நண்பர் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் முன்னே நிற்க, கணினி பின்னே காத்திருந்தது.

அக்கணினியில் ஒரு செல்வம் இருந்தது. அதே பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற முதிய ஆசிரியர் ஒருவர், ஆசிரியையின் வேண்டுகோளுக்கு இணங்கி, 2018ஆம் ஆண்டில் நாற்பது சிறுகதைகளையும் பல சொற்பட்டியல்களையும் தம் குரலில் பதிவு செய்து கொடுத்திருந்தார். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் அவர் நாவில் மூன்று தனித்தனி மணிகளாக ஒலிக்கும். அவர் 2021இல் மறைந்தார். குரல் மட்டும் ஒவ்வொரு வாரமும் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தது. மாணவர்கள் அக்குரலுக்குத் ‘தாத்தா’ என்று பெயர் வைத்திருந்தனர்.

2011ஆம் ஆண்டில் தொடங்கிய தர அடிப்படையிலான தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், கேட்டலையும் பேச்சையும் மொழித்திறன்களின் முன்வரிசையில் வைத்துள்ளது. கேளாத செவி பேசும் நாவை வளர்ப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். ஆகவே அவ்வாசிரியை படங்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, தாத்தாவின் குரலில் சொல்லை ஒலிக்கச் செய்து, பொருத்தமான படத்தை வட்டமிடச் சொல்வார். மலையா மழையா, வாலா வாளா, பல்லியா பள்ளியா, புலியா புளியா என்று செவிதான் தீர்ப்புக் கூற வேண்டும்.

2024ஆம் ஆண்டின் நடுவில், ஒரு நாள், விசையை அழுத்தியும் கணினியிலிருந்து ஒலியே எழவில்லை. ஆசிரியை சிறிது பதறினார். பிறகு திரையின் வலக்கோடியில் இருந்த ஒலிக்குறியைத் தொட்டுப் பார்த்தபோது காரணம் விளங்கியது. முதல்நாள் மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சிக்காகப் பள்ளியின் புளூடூத் ஒலிபெருக்கியோடு அதனை இணைத்திருந்தார். கணினி இன்னும் அவ்வொலிபெருக்கியையே நம்பித் தன் வாயை மூடிக்கொண்டிருந்தது. வெளியீட்டை மாற்றியதும் குரல் திரும்பியது. அது மறதியே தவிர நோயன்று.

நோய் அதற்குப் பின்னரே தலைகாட்டியது. குரலோடு ஒரு கரகரப்பும் சேர்ந்து வந்தது. காய்ந்த இலைமேல் நடப்பது போன்ற ஒலி. சில சொற்களில் மிகும், சில சொற்களில் தணியும். உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் ஆளுக்கொரு மருந்து கூறினர். கணினியை அணைத்துப் போடச் சொன்னார் ஒருவர். ஒலிச்சில்லை இயக்கும் டிரைவர் என்னும் நிரலை நீக்கி மீண்டும் நிறுவச் சொன்னார் மற்றொருவர். ஒலியை மெருகூட்டும் சிறப்பு வசதிகளை நிறுத்தி, ஒலித்தரத்தை 48,000 ஹெர்ட்ஸில் வைக்கச் சொன்னார் வேறொருவர். ஆசிரியை அன்றிரவே அனைத்தையும் செய்து முடித்தார். மறுநாள் காலை குரல் தெளிவாக இருந்தது. மூன்றாம் நாள் இடைவேளைக்குப் பின் கரகரப்பு மீண்டும் வந்தது. மறுபடியும் அனைத்தையும் செய்தார். மறுபடியும் காலையில் தெளிவு, நண்பகலில் கரகரப்பு. நான்கு மருந்தை ஒரே குவளையில் கலந்து குடித்தவனுக்கு, எது பயன் தந்தது, எது பயனற்றது என்பது எங்ஙனம் தெரியும்?

ஒலி வருகிறதே, அது போதும் என்று எண்ணி, அவ்வாரக் கேட்டல் பயிற்சியை ஆசிரியை நிறுத்தாமல் நடத்தினார். பின் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுவன் பத்துச் சொற்களில் நான்கை மட்டுமே சரியாக வட்டமிட்டிருந்தான். அவன் அதிகம் பேசாதவன். பாட்டியின் பராமரிப்பில் வளர்பவன். மழை என்ற சொல்லுக்கு அவன் மலையை வட்டமிட்டிருந்தான். வாள் என்ற சொல்லுக்கு மாட்டின் வாலை. மதிப்பீட்டுப் பதிவில் ஒன்று முதல் ஆறு வரை உள்ள தேர்ச்சி நிலைகளில், அவன் பெயருக்கு நேரே இரண்டு என்று எழுத ஆசிரியை பேனாவை எடுத்தார். கவனக் குறைவு என்று ஒரு குறிப்பும் அவர் மனத்தில் உருவாகிவிட்டது.

எழுதுவதற்கு முன் அவரைத் தடுத்து நிறுத்தியது, அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்த அவர் அக்காள் மகனின் பேச்சு. பலதொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் பயிலும் அவ்விளைஞன், சிற்றன்னையின் முறையீட்டைப் பொறுமையாகக் கேட்டான்.

“சின்னம்மா, ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்துங்க. மாத்துனத எழுதி வைங்க. எப்ப கரகரன்னு வருது, எப்ப வரலன்னும் எழுதுங்க” என்றான் அவன்.

மருத்துவனின் முறையும் இதுதான். நோய் இன்னதென்று தேர்ந்து, அதன் வேரைத் தேடி, தணிக்கும் வழியை அறிந்த பின்னரே பொருந்தும் செயலில் இறங்க வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசை, மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியை அக்குறளைப் பல ஆண்டுகள் கற்பித்தவர். இப்பொழுது ஒரு கணினிக்காக அதன் வரிசையில் நடக்கத் தொடங்கினார். பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றில் கோடு போட்டு, நாள், நேரம், செய்த மாற்றம், கேட்ட ஒலி என்று நான்கு பத்திகள் வகுத்தார்.

அவன் சொல்லித் தந்த முதற்சோதனை மிக எளியது. காதில் மாட்டும் ஹெட்ஃபோனைச் செருகிக் கேட்பது. ஹெட்ஃபோனைச் செருகியதும் கணினி தன் ஒலிபெருக்கியை அடக்கிவிட்டு, ஒலியை அவ்வழியே அனுப்பும். அதிலும் கரகரப்புக் கேட்டால் பழுது பதிவிலோ, நிரலிலோ, ஒலிச்சில்லிலோ இருக்கக்கூடும். அதில் தெளிவாகவும் ஒலிபெருக்கியில் கம்மியும் கேட்டால், பழுது பெரும்பாலும் இறுதி வழியில் உள்ளது. ஆறு ஓடிவரும் வழியில் எவ்விடத்தில் கலங்குகிறது என்பதை, இடையில் ஓரிடத்தில் நீரை முகந்து பார்த்து அறிவதைப் போன்றது அது.

திங்கட்கிழமை இடைவேளையில் ஆசிரியை அச்சோதனையை வகுப்பறையிலேயே செய்தார். முதியவரின் குரல் சிறிதும் மாசின்றி வந்தது. அப்பொழுது அச்சிறுவன் வாசலில் நின்றிருந்தான். ஏதோ ஓர் எண்ணம் தோன்ற, அவனை அழைத்து, ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டி, அதே பத்துச் சொற்களை ஒலிக்கச் செய்து, புதிய தாளொன்றைக் கொடுத்தார். அவன் ஒன்பதைச் சரியாக வட்டமிட்டான். மழையின் படத்தை வட்டமிட்டபின் தலைநிமிர்ந்து அவன் சொன்னான்:

“இப்பத்தான் தாத்தா மழைன்னு சொல்றாரு, டீச்சர்.”

ஆசிரியை சிறிது நேரம் பேசவில்லை. அச்சிறுவன் தனக்குக் கேட்டதையே வட்டமிட்டிருந்தான். அவன் செவி பொய் சொல்லவில்லை. கணினிதான் பொய் சொல்லியிருந்தது. பிற மாணவரின் தாள்களையும் எடுத்து அவர்கள் அமரும் வரிசைப்படி அடுக்கினார். முன் வரிசையில் பிழை குறைவு. பின்னே செல்லச் செல்லப் பிழை மிகுதி. மாணவர்களை அளப்பதாக எண்ணிக்கொண்டு, அவர் அளந்தது ஒலிபெருக்கிக்கும் நாற்காலிக்கும் இடையிலிருந்த தொலைவை.

இவ்வாறு நேர்வதற்கு அறிவியல் காரணமும் உண்டு. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைக் கேட்கும். ல, ள, ழ மூன்றையும் ஒலிக்கும்போது குரல் ஒன்றே. நாவின் வளைவும் அது நிற்கும் இடமுமே வேறு. அவ்வேறுபாட்டைக் காட்டும் நுண்ணிய கூறுகள் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் அமைகின்றன. கரகரப்பின் சிதறல் அப்பகுதியில் வந்து அமர்ந்துகொண்டால் உயிரொலி தப்பிவிடும். மெய்யொலியின் முகம் மறைந்துவிடும். சொல் வந்தது போலவே இருக்கும், ஆனால் எந்தச் சொல் என்பது தெரியாது. பெரியவர்கள் முன்னறிவால் இட்டு நிரப்பிக்கொள்வர். இப்பொழுதுதான் சொல்லைக் கற்கும் குழந்தை எதைக் கொண்டு நிரப்பும்?

ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். பள்ளியின் புளூடூத் ஒலிபெருக்கியை இரவல் பெற்று, வகுப்பு முழுவதற்கும் பயிற்சியை மீண்டும் நடத்தினார். அதனையே நிலையாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கூறினர். அது ஒன்றுதான் பள்ளியில் இருந்தது. ஐந்து வகுப்புகள் அதற்குக் காத்திருந்தன. அன்றியும், நொண்டும் காலுக்குக் கோல் கொடுத்தால் நடக்கலாம். கால் ஏன் நொண்டுகிறது என்ற வினா அங்கேயே நிற்கும்.

அடுத்த வாரம் அக்காள் மகன் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தான். அதில் உபுண்டு என்னும் வேறோர் இயங்குதளம் இருந்தது. கணினியில் எதனையும் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பாட்டொன்றை ஒலிக்கச் செய்தான். கரகரப்பு அப்படியே இருந்தது. முற்றிலும் வேறான நிரலிலும் நோய் தொடர்ந்ததால், நோய் நிரலில் இல்லை என்பது உறுதியாயிற்று. டிரைவரை நீக்கியும் நிறுவியும் கழித்த இரவுகள் வீண் என்பதும் தெரிந்தது. பின்னர் ஒலியை வலப்பக்கம் மட்டும் வருமாறு வைத்தான், தெளிவு. இடப்பக்கம் மட்டும் வைத்தான், கரகரப்பு. தாழ்ந்த சுருதியிலிருந்து சிறிது சிறிதாக உயரும் சோதனை ஒலியை விட்டபோது, தாழ்ந்த சுருதியில் இடப்பக்கம் அதிர்ந்து நடுங்கியது. நோய் எந்த உறுப்பில் என்பது தெரிந்துவிட்டது. ஆயினும் நோயின் வேர் இன்னும் தெரியவில்லை.

அதனைக் காட்டியது பயிற்சிப் புத்தகம். பதினேழு நாள் பதிவுகளை ஆசிரியை மேலிருந்து கீழாக வாசித்தார். காலை 7.30க்குத் தெளிவு. காலை 11.00க்குக் கரகரப்பு. விடுமுறை நாளில், கணினியை நெடுநேரம் இயக்காதபோது தெளிவு. மின்னேற்றியோடு இணைத்து வைத்திருந்த நாள்களில் கரகரப்பு விரைந்து வந்தது. டிரைவரை மாற்றிய மறுநாள் காலை தெளிவாக ஒலித்ததற்குக் காரணம் டிரைவரன்று; இரவெல்லாம் கணினி குளிர்ந்திருந்ததே காரணம். மேலும் இரண்டு செய்திகளை அவர் ஓரக் குறிப்பாக எழுதி, பொருட்படுத்தாமல் விட்டிருந்தார். ஒன்று, தொடுபலகை முன்போல் அழுந்தவில்லை என்பது. மற்றொன்று, சமமான மேசையிலும் கணினி இலேசாக ஆடுகிறது என்பது.

அக்காள் மகன் அவ்விரு குறிப்புகளைப் படித்ததும் முகம் மாறினான். கணினியை அணைத்து, மின்னேற்றியைப் பிடுங்கி, கண்மட்டத்தில் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தான். நேராக இருக்க வேண்டிய அடிப்பகுதி வில்போல் வளைந்திருந்தது.

“சின்னம்மா, இத இனிமே சார்ஜ் போடாதீங்க. அழுத்தவும் வேணாம். நாளைக்கே கடைக்குக் கொண்டு போயிடுவோம்.”

சிற்றூரின் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் ஒருவர், திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடிமூடியைத் திறந்தார். நடுவிலிருந்த மின்கலம் தலையணைபோல் உப்பியிருந்தது. உப்பிய மின்கலத்தின் ஓரம் இடப்பக்க ஒலிபெருக்கியின் கூட்டை அதன் இருக்கையிலிருந்து நெம்பியிருந்தது. கணினி சூடேறும்போதும் மின்னேற்றும்போதும் அந்த அழுத்தம் மிகும், கூடு நடுங்கும், குரல் கம்மும்.

“நல்ல வேளை டீச்சர், இப்பவே கொண்டு வந்தீங்க” என்றார் அவர்.

லித்தியம் மின்கலம் முதுமையடையும்போது அதனுள்ளிருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வளியை உண்டாக்குவதுண்டு. வளி வெளியேற வழியின்றி உறையை உப்பச் செய்கிறது. வெப்பமும், எந்நேரமும் முழு மின்னேற்றத்தில் வைத்திருத்தலும் இச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. உப்பிய மின்கலத்தைக் குத்தினாலோ நசுக்கினாலோ தீப்பற்றும் ஆபத்து உண்டு. அதனைக் குப்பைத் தொட்டியில் எறியவும் கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தல் வேண்டும். ஆசிரியையின் கணினி மூன்று ஆண்டுகளாக வகுப்பறை மேசையில் மின்னேற்றியோடு பிணைந்தே கிடந்தது. அம்மேசையைச் சுற்றி நாள்தோறும் குழந்தைகள் நின்றனர். கரகரப்பைத் தொல்லை என்று எண்ணிய அவருக்கு, அது ஓர் எச்சரிக்கையாக இருந்தது அன்றுதான் புரிந்தது.

பழுதுபார்ப்பவர் இடப்பக்க ஒலிபெருக்கியையும் எடுத்துக் காட்டினார். பெருவிரல் அளவே இருந்த அதற்குள், ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பே இன்றும் பணிபுரிகிறது. காந்தத்தின் இடையே ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய தகடு, மின்னோட்டம் மாறமாறச் சுருள் முன்னும் பின்னும் அசையும், தகடு காற்றைத் தள்ளும், காற்று குரலாகும். நான்கு ஓம் என்று குறித்திருந்த அதில் மீட்டர் அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. சுருள் அறுபடவில்லை என்பது அதன் பொருள். ஆனால் தகட்டைச் சுற்றியிருந்த இரப்பர் விளிம்பு, அழுத்தத்தாலும் வயதாலும் ஓரிடத்தில் பிளந்திருந்தது. மின்கலத்தை மட்டும் மாற்றியிருந்தால் கரகரப்பு முற்றும் நீங்கியிராது. ஒலிபெருக்கியை மட்டும் மாற்றியிருந்தால் ஆபத்து உள்ளேயே இருந்திருக்கும். இரண்டையும் மாற்றினார்கள். மூன்று மணி நேர வேலை. புதிய கணினியின் விலையோடு ஒப்பிட அச்செலவு மிகச் சிறியது.

அக்கணினி இன்றும் அவ்வகுப்பில் இருக்கிறது. அதன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது; அதற்கடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அதன் சில்லுக்கு இல்லை. ஆகவே ஆசிரியை அதனை இணையத்தில் இணைப்பதில்லை. பதிவுகளுக்கு இரண்டு படிகள் எடுத்து வேறிடத்தில் வைத்துள்ளார். வகுப்பு முடிந்ததும் மின்னேற்றியைக் கழற்றிவிடுகிறார். கேட்டல் பயிற்சி தொடங்குமுன், கடைசி வரிசை நாற்காலியில் தாமே சென்று அமர்ந்து, ஒரு சொல்லை ஒலிக்கச் செய்து கேட்கிறார். தமக்குத் தெளிவாகக் கேட்ட பின்னரே தாள்களை வழங்குகிறார்.

மறுபயிற்சியில் அச்சிறுவனின் பெயருக்கு நேரே நான்கு என்ற எண் பதிவாயிற்று. அவன் திடீரென்று அறிவாளி ஆகிவிடவில்லை. முன்பும் அவன் அவ்வளவு அறிந்தவனே. அவனுடைய அறிவு சென்றடையும் வழிதான் அடைபட்டிருந்தது. ஓர் எண்ணின் வேற்றுமைதான். ஆயினும், இரண்டு என்று எழுதிய பின் ஓர் ஆசிரியர் ஒரு மாணவனைப் பார்க்கும் பார்வையும், கேட்கும் வினாவும், காத்திருக்கும் பொறுமையும் மாறிவிடுகின்றன. அம்மாற்றத்தைக் குழந்தை உணர்ந்துகொள்கிறது. நாளடைவில் அந்த எண்ணாகவே ஆகிவிடுகிறது. இதனைப் பல்லாண்டு பணியாற்றிய ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார்.

கருவி பழுதுபட்டால் அதனைத் திறந்து பார்க்க ஆள் உண்டு. மாற்றப் புதிய உறுப்பும் உண்டு. பிள்ளையின்மேல் தவறாக எழுதிய தீர்ப்பைக் கழற்றி மாற்ற எந்தக் கடைத்தெருவிலும் ஆள் இல்லை. எனவே எழுதுமுன் ஒரு முறை, பின் வரிசை நாற்காலியில் அமர்ந்து கேட்டுப் பார்த்தல் நன்று.

நான்கு பத்திகள் வகுத்த அந்தப் பயிற்சிப் புத்தகத்தில் பாதித் தாள்கள் வெறுமையாக எஞ்சியிருந்தன. ஆசிரியை அதனை எறியவில்லை. தலைப்பில் ‘கணினி’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘மாணவர்’ என்று எழுதினார். நாள், நேரம், செய்த மாற்றம், கேட்ட ஒலி என்னும் பத்திகள் அப்படியே இருந்தன.